சந்திப்பு வேலை ஏன் இழுக்கிறது, அதுவரை நமக்கு வழி எங்கே?

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் ஊர் சந்திப்பை அகலப்படுத்தி மேம்பாலம் கட்டப் போகிறோம் என்று பதினான்கு மாதமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு தூண்கூட எழும்பவில்லை. கடை வாசலில் ஓடைப் பள்ளம். பஸ் எங்கே நிற்கும் என்று தினமும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. உண்மையிலேயே வேலை நடக்கிறதா? நாங்கள் யாரிடம் போய் என்ன கேட்பது?"

நான் குழித்துறைக்காரன். ரோடு, பாலம் வேலைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் சைட்டில் நின்றிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி ஊர் நடுவே நடந்த வேலைகள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தூண் எழும்பவில்லை என்பதை மட்டும் வைத்து வேலை நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. மேம்பால வேலையில் முதல் வருஷம் பெரும்பாலும் பூமிக்கு அடியில்தான் போகும். ஆனால் உங்கள் கடை வாசலில் பள்ளம் பதினான்கு மாதம் திறந்து கிடப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கேட்பதால்தான் நம் கேள்வி வீணாகப் போகிறது. "எப்போது முடியும்?" என்று கேட்டால் "சீக்கிரம் முடிந்துவிடும்" என்று பதில் வரும், அத்தோடு சரி. "முடியும்வரை ஜனங்கள் எந்த வழியாகப் போவது, அந்த வழியைப் பராமரிப்பது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிற வேலை. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், அந்த முதல் வருஷம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

நம் பழைய சந்திப்புகளில் ரோட்டுக்கு அடியில் குடிநீர்க் குழாய் போகிறது, டெலிபோன் கேபிள் போகிறது, இப்போது நாலைந்து கம்பெனிகளின் ஃபைபர் கேபிளும் போகிறது. மேலே மின்கம்பம், டிரான்ஸ்பார்மர். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு துறை. குழாயை மாற்ற வேண்டுமானால் குடிநீர் வாரியம் மதிப்பீடு தயாரித்துத் தர வேண்டும். அதற்கு அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். அப்புறம் எந்த நாளில் தண்ணீரை நிறுத்துவது என்று நாள் குறிக்க வேண்டும். மின்வாரியத்துக்கு இதே சுற்று இன்னொரு முறை. காகிதத்தில் மூன்று மாதம் என்று போட்டிருப்பார்கள். ஒரு வருஷம் ஆனதைப் பல இடத்தில் பார்த்துவிட்டேன்.

ஒரு சந்திப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வரைபடத்தில் குடிநீர்க் குழாய் ரோட்டின் இடது ஓரத்தில் இருந்தது. வண்டி குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, விடியற்காலை ஐந்து மணிக்கு ரோட்டு நடுவில் சோதனைக் குழி எடுத்தோம். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஜேசிபியின் பல் எதிலோ உரசியது. ஓட்டுநர் அனுபவசாலி, சத்தம் கேட்டதுமே நிறுத்திவிட்டார். இரண்டு பேர் குழிக்குள் இறங்கி மண்வெட்டியால் மெல்ல மெல்ல மண்ணை விலக்கினார்கள். துரு ஏறிய வார்ப்பிரும்புக் குழாய். இணைப்பில் ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்த அந்தக் காலத்து வேலை. எந்த வரைபடத்திலும் அது இல்லை. அந்த ஈய அடைப்பிலிருந்து முதலில் நூல் மாதிரி தண்ணீர் வந்தது. பத்து நிமிஷத்தில் குழி பாதி நிறைந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களில் யார் வீட்டிலும் குழாயில் தண்ணீர் வரவில்லை. தூணுக்கு அடித்தளம் வர வேண்டிய இடத்தில் சரியாக நடுவே அந்தக் குழாய் போனது. அதை மாற்றிப் போட ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, தகரத்தை வைத்து மறைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும். அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் சோதனைக் குழியை டெண்டர் விடுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். நான்கு ஆள், இரண்டு நாள், சின்னச் செலவு. அதைச் செய்யாமல் வேலையைத் தொடங்குவதை இன்றைக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு கணக்கு இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் பொறியாளர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளின் தண்ணீர்தான் நம் சானல்களில், அதாவது பாசனக் கால்வாய்களில், ஓடுகிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் போவதும் பட்டணங்கால் சானல் தண்ணீர்தான். ரோட்டை அகலப்படுத்தும்போது, சானல் ரோட்டுக்கு அடியில் கடக்கும் இடத்தில் தண்ணீர் போகிற பழைய சிறுபாலத்தை, அதாவது கல்வெர்ட்டை, இடித்து நீளமாகக் கட்ட வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது சானலை அடைக்க விவசாயிகள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அப்படியானால் கையில் இருப்பது மார்ச், ஏப்ரல், மே. மூன்றே மாதம். மே கடைசியில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிடும். அது ஓய்ந்தால் ஐப்பசி மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மண் வேலைக்கு நம்பி இறங்கக்கூடிய காலம் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில்தான். பிப்ரவரியில் பில் பாஸ் ஆகவில்லை, கம்பி வரவில்லை என்று ஒரு மாதம் தள்ளினால், அது ஒரு மாதத் தாமதமாக நிற்காது, அடுத்த மார்ச்வரை போய்விடும். உங்கள் சந்திப்பில் சானல் கடக்கிறதென்றால், பதினான்கு மாதத்துக்கான காரணம் இதுவாகவே இருக்கலாம்.

தூண் எழுப்புவதற்கு முன்னால் அதைத் தாங்க பைல், அதாவது பூமிக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் கால், இறக்க வேண்டும். நம் பக்கத்தில் மேலே செம்மண்ணும் வெட்டுக்கல்லும், கீழே போனால் பாறை. அதுவும் ஒரே மட்டத்தில் கிடக்காது. ஒரு தூணுக்கு ஆறு மீட்டரில் பாறை வரும், முப்பது மீட்டர் தள்ளி அடுத்த தூணுக்குப் பதினைந்து மீட்டர் போனாலும் வராது. மண்ணில் ஒரு ஷிப்டில் இறங்குகிற ரிக் என்ற துளை போடும் இயந்திரம், பாறையில் மூன்று நாள் ஒரே இடத்தில் நின்று குடையும். அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தலைவலி வந்துவிடும். ஆனால் வேலை முன்னேறுகிறது என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. பைல் எல்லாம் முடிந்து மேலே வந்துவிட்டால் தூண்கள் மளமளவென்று எழும்பும், ஊரே ஆச்சரியப்படும்.

நிலம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். நம் ஊரில் ரோட்டோர இடமெல்லாம் இரண்டு சென்ட், மூன்று சென்ட். ஒரு பத்திரத்தில் ஐந்து வாரிசு இருப்பார்கள், ஒருவர் வளைகுடாவில் இருப்பார். நடுவில் ஒரு கட்டடம் கோர்ட்டுக்குப் போனால் இரண்டு பக்கமும் ஓடை போட்டுவிட்டு அந்த இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டிவரும். அந்த இடைவெளியில்தான் மழைத் தண்ணீர் முழுவதும் தேங்கும்.

மண் பிரச்சினையையும் சொல்ல வேண்டும். மேம்பாலத்தின் இரண்டு முனையிலும் வண்டி ஏறி இறங்கும் சரிவுப் பாதைக்கு நல்ல மண் நிறைய வேண்டும். கேரளப் பக்கம் கழக்கூட்டம்–காரோடு பைபாஸ் நம் எல்லையைத் தொட்டு நிற்கிறது. நம் பக்கம் நான்கு வழிச்சாலை வேலை பல வருஷம் இழுத்ததற்கு நிரப்பு மண் கிடைக்காதது ஒரு பெரிய காரணம். பெரிய திட்டத்துக்கே இந்தக் கதி என்றால் ஒரு சந்திப்பு வேலைக்கு மண் அனுமதி எவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தை இரும்பு உத்தரங்கள் வைத்துக் கட்டியதில் இந்த இடநெருக்கடிக்கு ஒரு விடை இருந்தது. உத்தரங்களை வெளியே தயாரித்துக் கொண்டுவந்து ராத்திரியில் தூக்கி வைத்துவிடலாம். கடைத்தெருவுக்கு நடுவே மாதக்கணக்கில் சாரம் கட்டி நிற்க வேண்டாம்.

சரி, வேலை நடக்கிறதா என்று வெளியே நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? இயந்திரங்களை எண்ணாதீர்கள். ஓட்டுநர் இல்லாத ஹிட்டாச்சி ஆறு மாதம்கூட நிற்கும். கான்கிரீட்டைப் பாருங்கள். கான்கிரீட் போடுகிற ஒவ்வொரு முறையும் 150 மில்லிமீட்டர் அளவில் கனசதுரக் கட்டிகள் வார்த்து, மேலே தேதி எழுதி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள். 7-ஆம் நாள் சிலதை உடைத்துப் பார்ப்பார்கள், 28-ஆம் நாள் மீதியை. சைட் ஆபீசுக்குப் பின்னால் அந்தத் தொட்டி இருக்கும். கட்டிகளின் மேல் எழுதியிருக்கும் தேதி போன வாரத்துத் தேதியாக இருந்தால் வேலை உயிரோடு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியாக இருந்தாலோ, தொட்டி காய்ந்து கிடந்தாலோ, வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம். அதே போல, கம்பி கட்டிவைத்த இடத்தில் கம்பியின் நிறத்தைப் பாருங்கள். செம்பழுப்பாகத் துரு ஏறி, தொட்டால் கையில் பொடி ஒட்டினால், அந்த இடத்தில் பல மாதமாக யாரும் கை வைக்கவில்லை. இந்த இரண்டையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. போட்ட கான்கிரீட்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு இரண்டு வாரம் தடுப்பு வைத்திருந்தால், "எல்லாம் முடிந்துவிட்டதே, திறந்துவிட வேண்டியதுதானே" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்தத் தாமதம் நமக்காகத்தான். கனிம லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகிற ரோடு இது. விழிஞ்ஞம் துறைமுக வேலைக்கு எத்தனை லோடு கல் இந்த வழியாகப் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம். முழு பலம் ஏறாத கான்கிரீட்டில் அந்தச் சக்கரம் ஒருமுறை ஏறினால் விரிசல் உள்ளேயே விழுந்துவிடும். வெளியே தெரிவதற்கு நாலைந்து வருஷம் ஆகலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ரோடு, பால வேலைகளுக்கான விவரக்குறிப்பில் 112-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வேலை நடக்கும்போது போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் அந்தப் பிரிவு முழுவதும். மாற்றுப் பாதையை நல்ல நிலையில் வைத்திருப்பது, தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, ராத்திரியில் விளக்கு, கொடி பிடிக்க ஆள், எல்லாம் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. இதற்கென்றே இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி நூல் தனியாக இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும், வண்டிகளை எப்படிச் சாய்வாகத் திருப்ப வேண்டும், வேலைப் பகுதி எங்கே முடிகிறது என்று எப்படிக் காட்ட வேண்டும் என்று படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள். ஒரு கயிற்றில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவதற்கு அதில் எங்கும் இடம் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. மழை விட்ட நேரம். ஓடைக்குத் தோண்டிய பள்ளத்தின் மேல் ஒரு சாரப் பலகை. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா அதில் கடக்கிறார். பலகை நனைந்து வழுக்குகிறது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கீழே ஓடைச் சுவருக்குக் கட்டிய கம்பிகள் ஈட்டி மாதிரி நுனி மேலே பார்த்து நிற்கின்றன. பாதியில் அவர் நின்று, செருப்பைக் கழற்றிப் பள்ளத்தின் அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஒவ்வொரு அடியாக வைத்துக் கடந்தார். அந்தக் கம்பி நுனிகளில் மாட்டுவதற்குப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, சில ரூபாய்தான். கைப்பிடியோடு ஒரு இரும்பு நடைமேடை சைட்டிலேயே வெல்டிங் பண்ணிவிடலாம், அரை நாள் வேலை. மறுநாள் காலையில் அங்கே அதைச் செய்ய வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம்.

ஓடை வேலையின் ஒழுங்கு இதுதான்: கடைசியில் தண்ணீர் எங்கே போய் விழ வேண்டுமோ, அந்த ஆற்று முனையிலிருந்தோ குளத்து முனையிலிருந்தோ மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். சின்னச் சின்ன நீளமாகத் தோண்ட வேண்டும். சுவர் எழுப்பி மேலே மூடி போட்ட பிறகுதான் அடுத்த நீளத்துக்குக் கைவைக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு கடைக்கு முன்னால் பள்ளம் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் திறந்து கிடக்காது. ஆனால் தோண்டுவதற்கு உடனே பில் போட முடியும், இயந்திரத்துக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் தோண்டிவிடுகிறார்கள். உங்கள் பதினான்கு மாதப் பள்ளத்துக்கு மூலம் அநேகமாக இதுதான்.

எல்லை என்பதால் நமக்கு இன்னொரு சிக்கல். வண்டிகளைத் திருப்பிவிட மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆவது பிரிவின் கீழ் உத்தரவு போடலாம். ஆனால் அந்த உத்தரவு மாவட்ட எல்லையோடு முடிந்துவிடும். மாற்றுப் பாதை பாறசாலைப் பக்கத்துப் பஞ்சாயத்து ரோடு வழியாகப் போகிறதென்றால் திருவனந்தபுரம் கலெக்டர் தரப்பிலும் ஏற்பாடு வேண்டும், இரண்டு மாநில பஸ் கழகங்களுக்கும் ஒரே தகவல் போக வேண்டும். இந்த ஒருங்கிணைப்பு இல்லாததால்தான் நம் பஸ் ஒரு இடத்திலும் கேரள பஸ் வேறு இடத்திலும் ஆளை இறக்கிவிடுகிறது. பஸ்ஸாவது பரவாயில்லை. நம் ஊரில் உயிருக்கு ஆபத்து என்றால் எத்தனையோ பேரை திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் கொண்டு ஓடுகிறோம். ஆம்புலன்ஸ் போக ஒரு வழித்தட அகலம், மூன்றரை மீட்டர், எந்த நேரமும் தடையில்லாமல் இருந்தே தீர வேண்டும். மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மண்டல காலத்தில் சபரிமலை வண்டிகள் சேர்ந்துகொள்ளும்போது இதன் அவசரம் இன்னும் கூடும்.

மேம்பாலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் மேம்பாலம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். 2018 கடைசியில் வண்டிகளை விட்டார்கள். 2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த விழாவில் பிரதமர் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தார். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேராகப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி, அதை மறுக்கவே முடியாது. ஆனால் சந்தைக்கு வருகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், கருங்கல் ரோட்டில் திரும்புகிறவர், இவர்கள் எல்லாரும் இன்றைக்கும் கீழேதான். கொச்சியில் வைற்றிலா மேம்பாலம் 2021 ஜனவரியில் திறந்தபோதும் இதே கதை: நேர்ப் போக்கு மேலே போய்விட்டது, கீழே பல பக்கமிருந்து வந்து சேருகிற ரோடுகளின் நெரிசல் அப்படியே நின்றது. அதனால் உங்கள் சந்திப்பின் வரைபடத்தைக் கேட்டு வாங்கும்போது மேலே போகிற பாலத்தைவிடக் கீழ்ப்பகுதியை உற்றுப் பாருங்கள். பஸ் நிற்க உள்வாங்கிய இடம் இருக்கிறதா, சர்வீஸ் ரோடு எவ்வளவு அகலம், நடந்து போகிறவர் எங்கே கடப்பார் என்று. இதெல்லாம் கோடாக இருக்கும்போது மாற்றலாம், கான்கிரீட்டாக ஆனபிறகு மாற்ற முடியாது. கட்டி முடித்தாலும் பராமரிப்பு இருக்கிறது. மார்த்தாண்டம் பாலத்திலேயே 2024 மே மாதத்தில் மேல்தளத்தில் ஓட்டை விழுந்து போக்குவரத்தை நிறுத்த வேண்டி வந்தது.

இனி செய்ய வேண்டியது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். எந்தத் துறையின் ரோடோ அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளில் பதில் தர வேண்டும். "வேலை ஏன் தாமதம்" என்று எழுதாதீர்கள், கதை எழுதி அனுப்புவார்கள். காகிதங்களின் நகலைக் கேளுங்கள்: பணி ஆணையும் முடிக்க வேண்டிய தேதியும், தற்போதைய திருத்தப்பட்ட வேலை அட்டவணை, அங்கீகரிக்கப்பட்ட போக்குவரத்து மாற்றுத் திட்ட வரைபடம், குழாய், மின்கம்பம் மாற்றுவதற்கு எந்தத் தேதியில் பணம் கட்டப்பட்டது என்ற விவரம். கடைசிக் காகிதம் ஒன்றே உங்களுக்குப் பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

வியாபாரம் குறைந்ததற்கு இழப்பீடு கேட்கலாமா என்று பலரும் என்னிடம் கேட்பார்கள். நிலமோ கட்டடமோ எடுக்கப்பட்டால் சட்டப்படி வழி உண்டு. இடம் எடுபடாமல் வாசல் மட்டும் அடைபட்ட கடைக்காரருக்குப் பணம் கிடைத்ததை நான் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையில் கோர்ட்டுக்கு அலைந்து கைக்காசையும் தொலைக்க வேண்டாம். அந்தச் சக்தியை வாசலைத் திறக்க வைப்பதில் செலவிடுங்கள். தனி ஆளாகப் போகாதீர்கள். வியாபாரிகள் சங்கம், பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர், மூன்று தரப்பும் சேர்ந்து பொறியாளரைச் சைட்டுக்கே வரச் சொல்லி, பள்ளத்தின் ஓரத்தில் நின்று பேசுங்கள். ஆபீஸ் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் பேச்சு அட்டவணையோடு முடிந்துவிடும். பள்ளத்தின் ஓரத்தில் நின்றால் எந்தக் கடைக்கு எந்தத் தேதியில் மூடி போடுவோம் என்று அங்கேயே சுண்ணாம்பால் சுவரில் எழுத வைக்கலாம். நான் இருந்த ஒரு வேலையில் வியாபாரிகள் அப்படித்தான் எழுத வைத்தார்கள். எழுதிய தேதியைக் காப்பாற்ற நாங்கள் ராத்திரி வேலை பார்த்தோம்.

சானல் கல்வெர்ட் இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள்: பிப்ரவரியில் தண்ணீர் நிற்கும்போது கம்பியும் கான்கிரீட் வார்க்கும் ஷட்டர் பலகையும் சைட்டில் தயாராக இருக்குமா என்று. அந்தப் பதிலும் அட்டவணை நகலும் கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். எந்த வேலை எதற்காகக் காத்து நிற்கிறது என்று வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.